கழித்தல் கணக்கைக் கூட்டிச் சரிபார்க்கக் குழந்தைக்குச் சொல்லித் தருவது எப்படி

என் மகளுக்கு ஏழு வயது. கழித்தல் கணக்கைப் போட்டு முடித்ததும் கூட்டிச் சரிபார்க்க அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் திருத்தப்பட்டு வந்த நோட்டைப் பிரித்தேன். பத்துக் கணக்கில் ஆறு தப்பு. அந்த ஆறுக்கும் பக்கத்தில் அவள் ஒழுங்காகக் கூட்டிப் பார்த்திருந்தாள், ‘சரி’ என்று டிக்கும் போட்டிருந்தாள். தப்பான விடைக்குச் சரிபார்ப்பு எப்படி ஒத்துவந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிய ஒரு வாரம் பிடித்தது. சரிசெய்ய இன்னும் ஐந்து வாரம். அந்த ஆறு வாரத்தில் நான் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் அவ்வளவு நாள் செலவழிக்க வேண்டியதில்லை.

ஆறு முதல் ஒன்பது வயது வரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். குழந்தைக்கு 100 வரை எண்கள் தெரிந்திருக்க வேண்டும், ஓரிலக்கக் கூட்டல் வர வேண்டும். அது போதும்.

தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு நேரம்

காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். இருபது பொத்தான்கள், அறுபது சிறு குச்சிகள், பத்துப் பத்தாகக் கட்டுவதற்கு ரப்பர் வளையங்கள், கட்டம் போட்ட ஒரு நோட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய ஒரு கெட்டி அட்டைத் துண்டு. பொத்தான் இல்லாவிட்டால் ஒரே அளவில் இருக்கும் எதுவும் சரி. அட்டைத் துண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது எதற்கு என்று நான்காம் படியில் தெரியும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். பத்து நிமிடம் முடிந்தால் கணக்கு பாதியில் நின்றாலும் மூடிவிடுங்கள். நான் முதல் வாரம் அரை மணி நேரம் உட்கார வைத்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் அவள் கூட்டவே இல்லை, டிக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள்.

கணக்கின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுங்கள். சரிபார்க்காமல் போடும் இருபது கணக்கைவிட, சரிபார்த்துப் போடும் ஐந்து கணக்கு மேல். சரிபார்ப்பதும் ஒரு கணக்குதான், அதற்கும் அதே அளவு நேரம் பிடிக்கும். இருபதையும் கொடுத்துவிட்டு ‘எல்லாத்தையும் சரிபார்’ என்றால் நாற்பது கணக்கு கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

1. முதலில் கூட்டலைச் சோதியுங்கள்

நான் தாண்டிப் போய்ச் சறுக்கிய படி இது. கழித்தலைச் சரிபார்க்கப் போவது கூட்டல். கூட்டலே ஆட்டம் கண்டால் அதை நம்பி எதையும் சரிபார்க்க முடியாது.

ஒன்றுகளைக் கூட்டும்போது பத்தைத் தாண்டி, ஒரு பத்தைப் பக்கத்து இடத்துக்கு ஏற்ற வேண்டிய கணக்காகப் பத்து கொடுங்கள்: 38 + 25, 47 + 16, 29 + 54 போல. உதவி செய்யாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். பத்தில் குறைந்தது ஒன்பது சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். அதற்குக் கீழே என்றால் கழித்தலைச் சரிபார்க்கும் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு வாரம் இந்தக் கூட்டலிலேயே இருங்கள். வகுப்பில் மற்றவர்கள் முன்னே போய்விடுவார்களே என்று தோன்றும். பரவாயில்லை, இங்கே செலவாகும் நாள் பின்னால் திரும்பக் கிடைத்துவிடும்.

விரல் விட்டுக் கூட்டும் குழந்தையாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 7-உடன் 5-ஐக் கூட்டச் சொன்னால் ‘ஏழு’ என்று சொல்லிக்கொண்டே முதல் விரலை மடக்குகிறதா? அப்படியானால் விடை 11 என்று வரும். முதல் விரல் மடங்கும்போது ‘எட்டு’ என்றுதான் வாய் சொல்ல வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். சரிபார்க்கும்போது இதுவே பெரிய பொய் சொல்லும்.

2. இருந்தது, போனது, மீந்தது

பேப்பரும் பென்சிலும் இன்னும் வேண்டாம். ஒன்பது பொத்தான்களைக் குழந்தையே எண்ணி வைக்கட்டும். நான்கை எடுத்து ஒரு கிண்ணத்துக்கு அடியில் ஒளித்துவிடுங்கள். மேசையில் ஐந்து இருக்கிறது. எங்கள் வீட்டில் பேச்சு இப்படிப் போனது:

“முதல்ல எத்தனை இருந்துச்சு?”

“ஒன்பது.”

“எத்தனை போச்சு?”

“நாலு.”

“எத்தனை மீந்திருக்கு?”

“அஞ்சு.”

“இப்ப போனதெல்லாம் திரும்பி வந்துட்டா எத்தனை ஆகும்?”

முதல் நாள் இந்தக் கேள்விக்கு அவள் கிண்ணத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கிண்ணத்தில் கைவைக்கும் முன்பே “ஒன்பதுதாம்மா, நாமதானே எடுத்தோம்” என்றாள். அந்த ‘நாமதானே எடுத்தோம்’ தான் நமக்கு வேண்டியது. போனதும் மீந்ததும் சேர்ந்தால் பழையபடி இருந்ததே வரும் என்பது அவளுக்கு விதியாக இல்லாமல் கண்ணால் கண்டதாக ஆகிவிட்டது.

இருந்தது, போனது, மீந்தது: இந்த மூன்று சொல்லையும் கடைசிப் படி வரை மாற்றாமல் வைத்திருங்கள். ‘மேல் எண்’, ‘கீழ் எண்’ என்று சொல்லித் தராதீர்கள். கணக்கைப் பக்கவாட்டில் எழுதினால் மேலும் இல்லை, கீழும் இல்லை, குழந்தை திகைத்துவிடும்.

முதலில் பத்துக்குள், பிறகு இருபதுக்குள். மூன்று நான்கு நாள் போதும்.

3. இப்போது எழுதச் சொல்லுங்கள்

பொத்தான் பக்கத்தில் இருக்கும்போதே நோட்டில் இரண்டு வரி:

9 − 4 = 5
5 + 4 = 9

இரண்டு வரியிலும் ‘இருந்தது’ எந்த எண்ணோ அதைச் சுற்றி ஒரு வட்டம். முதல் வரியில் வட்டம் முன்னால் இருக்கிறது, இரண்டாம் வரியில் கடைசியில் இருக்கிறது. வட்டம் போட்ட எண்ணைக் கூட்டக் கூடாது, கூட்டி முடித்தால் அதுதான் வர வேண்டும். குழந்தைக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

இங்கே வரும் தவறு இரண்டே வகை. கணக்கில் முதலில் கண்ணில் படும் 9-ஐயும் 4-ஐயும் கூட்டி 13 என்று எழுதுவது ஒன்று. விடையை 9-உடன் கூட்டி 14 என்று எழுதுவது மற்றொன்று. இரண்டுக்கும் நான் கேட்டது ஒரே கேள்வி: “நம்மகிட்ட மொத்தமே ஒன்பது பொத்தான்தானே இருந்துச்சு? பதிமூணு எங்கிருந்து வந்துச்சு?” தப்பு என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவளே பொத்தானைப் பார்த்துவிட்டு அடித்து எழுதினாள்.

5 + 4 என்று எழுதினாலும் 4 + 5 என்று எழுதினாலும் ஒன்றுதான், அதில் பிடிவாதம் வேண்டாம். ஆனால் ‘கூட்டலில் இடம் மாற்றலாம், அப்போது கழித்தலிலும் மாற்றலாம்’ என்று குழந்தை எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. 4 − 9 என்று எழுதினால் நான்கு பொத்தான் வைத்து ஒன்பதை எடுக்கச் சொல்லுங்கள்.

4. கடன் வாங்காத ஈரிலக்கக் கணக்கும் அட்டைத் துண்டும்

68 − 25 = 43. சரிபார்க்க 43 + 25 = 68. ஒன்றுகளிலும் பத்துகளிலும் மேலே பெரிய இலக்கம் இருக்கும் இந்த மாதிரிக் கணக்குகள் குழந்தைக்குச் சுலபமாக வரும். இந்தப் படி கணக்குக்காக இல்லை, பழக்கத்துக்காக.

கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். ஒன்றுகளுக்கு நேரே ஒன்றுகள், பத்துகளுக்கு நேரே பத்துகள். பக்கத்தை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள்: இடது பக்கம் கழித்தல், வலது பக்கம் அதே உயரத்தில் கூட்டல். பின்னால் எது எங்கே பிசகியது என்று நீங்கள் தேடும்போது இந்த அமைப்பு உதவும்.

இப்போது அட்டைத் துண்டு. கூட்டலைத் தொடங்கும் முன் ‘இருந்தது’ எண்ணை, அதாவது 68-ஐ, அட்டையால் மூடச் சொல்லுங்கள். கூட்டி, விடையை எழுதிய பிறகுதான் அட்டையை எடுக்க வேண்டும். இரண்டு எண்ணையும் ஒப்பிட்ட பிறகுதான் டிக்.

எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். கூட்டினால் 68 வர வேண்டும் என்று குழந்தைக்கு முன்பே தெரியும். தெரிந்த விடையை எழுதுவதற்கு யாராவது கூட்டுவார்களா? நேராக 68 என்று எழுதிவிடும். இதை ஏமாற்று என்று நினைத்துத் திட்டாதீர்கள். நாம்தான் விடையைக் காட்டிக்கொண்டே கேள்வி கேட்கிறோம். என் மகளின் ஆறு தப்பில் இரண்டு இந்த வகை. 43-க்குப் பதில் 34 என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 34 + 25 = 68 என்று கூசாமல் எழுதியிருந்தாள். கூட்டியிருந்தால் 59 வந்திருக்கும்.

அட்டை வந்த இரண்டாம் நாளே இது நின்றுவிட்டது. மூடியதை எடுத்துப் பார்க்கிற ஆவல் குழந்தைக்குப் பிடித்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

5. கடன் வாங்கும் கணக்கு

நேரம் அதிகம் கொடுக்க வேண்டிய படி இது. எங்களுக்கு இரண்டு வாரம் இதிலேயே போனது.

53 − 27. ஐந்து கட்டு, மூன்று தனிக் குச்சி. ஏழு குச்சி எடுக்க வேண்டும், மூன்றுதான் தனியாக இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டு, பதின்மூன்று தனிக் குச்சி. இனி ஏழும் எடுக்கலாம், இரண்டு கட்டும் எடுக்கலாம். மீந்தது இரண்டு கட்டு, ஆறு குச்சி: 26.

உடனே, குச்சியைக் கலைக்காமல், திரும்பச் சேர்த்துக் காட்டுங்கள். ஆறோடு எடுத்த ஏழும் வந்து சேர்ந்தால் பதின்மூன்று. பத்தை எடுத்து மறுபடி வளையம் போட்டுக் கட்டுங்கள். கட்டுகள் இப்போது இரண்டும் இரண்டும் இந்த ஒன்றும் சேர்ந்து ஐந்து. 53. கழிக்கும்போது பிரித்த கட்டை, கூட்டும்போது திரும்பக் கட்டுகிறோம். குழந்தையே பிரிக்கட்டும், குழந்தையே கட்டட்டும். ரப்பர் வளையம் கையில் சுண்டும் அந்த நிமிடம்தான் ‘கடன்’ என்பதும் ‘ஏற்றுவது’ என்பதும் ஒரே காரியத்தின் இரண்டு திசை என்று பிடிபடும்.

இப்போது அந்த ஆறில் மீதி நான்கு தப்பைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாம் கடன் வாங்கும் கணக்கு. ஒன்று இதே 53 − 27. அவள் எழுதியிருந்த விடை 36. மூன்றைப் பதின்மூன்றாக மாற்றினாள், பதின்மூன்றில் ஏழு போனால் ஆறு என்று சரியாகக் கழித்தாள். ஆனால் ஐந்தை நான்காகக் குறைக்க மறந்து, ஐந்தில் இரண்டு போக மூன்று என்று போட்டுவிட்டாள். சரி, மறதி. ஆனால் பக்கத்தில் 36 + 27 = 53 என்று இருந்ததே!

ஒரு மாலை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, 53-ஐ அட்டையால் மூடி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கூட்டச் சொன்னேன்.

“ஆறும் ஏழும் பதிமூணு. மூணு போடறேன். மூணும் ரெண்டும் அஞ்சு. ஐம்பத்திமூணு!”

அட்டையை எடுத்தாள். 53. “பாத்தியாம்மா, சரியா வந்துடுச்சு.”

பதின்மூன்றில் இருந்த அந்த ஒரு பத்தைக் காணோம். கழிக்கும்போது ஒரு பத்தைக் குறைக்க மறந்ததால் விடை பத்து அதிகம். கூட்டும்போது ஒரு பத்தை ஏற்ற மறந்ததால் கூட்டுத்தொகை பத்து குறைவு. ஒரு மறதி இன்னொரு மறதியை அப்படியே மூடிவிட்டது. இது தற்செயல் இல்லை. ஒன்றுகளில் கடன் வாங்கிய கணக்கு எதுவானாலும், அதைக் கூட்டிப் பார்க்கும்போது ஒன்றுகளில் பத்தோ அதற்கு மேலோ வந்தே தீரும். ஆகவே குறைக்க மறக்கிற குழந்தை ஏற்றவும் மறந்தால், சரிபார்ப்பு ஒவ்வொரு முறையும் ‘சரி’ என்றுதான் சொல்லும். முதல் படியில் கூட்டலைச் சோதிக்கச் சொன்னது இதனால்தான்.

விரல் எண்ணிக்கையிலும் இதே கதை. பதின்மூன்றிலிருந்து ஏழு பின்னோக்கி எண்ணும்போது ‘பதின்மூன்று’ என்று சொல்லியே முதல் விரலை மடக்கினால் விடை 6-க்குப் பதில் 7 ஆகும். அதே பழக்கத்தில் 7-உடன் 7-ஐக் கூட்டினால் 14-க்குப் பதில் 13 வரும். மறுபடி பொய்யான டிக்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி ஒன்றுதான், அது நன்றாகவே வேலை செய்தது. கழிக்கும்போது எங்கெல்லாம் கடன் வாங்கினோமோ, அந்த இடத்துக்கு மேலே சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. கூட்டும்போது எங்கிருந்தெல்லாம் பத்தை ஏற்றினோமோ, அங்கேயும் ஒரு சிவப்புப் புள்ளி. முடித்ததும் எண்களை ஒப்பிடும் முன் புள்ளிகளை ஒப்பிட வேண்டும். இடது பக்கம் ஒன்றுகளில் புள்ளி இருந்தால் வலது பக்கமும் ஒன்றுகளில் புள்ளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால், விடை ஒத்துவந்தாலும் டிக் கிடையாது.

புள்ளி வைக்க ஆரம்பித்த பிறகு 36 + 27-ஐ அவளே திரும்பிப் பார்த்தாள். “இங்க புள்ளி இருக்கு, இங்க இல்லையே” என்றாள். பத்தை ஏற்றிக் கூட்டினாள், 63 வந்தது. அட்டையை எடுத்து 53-ஐப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கழித்தல் பக்கம் போய் ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினாள். நான் வாயே திறக்கவில்லை. நீங்களும் அந்த இடத்தில் வாய் திறக்காதீர்கள், ஒரு நிமிடம் ஆனாலும் காத்திருங்கள்.

6. ஒத்துவராவிட்டால் என்ன செய்வது

முதலில் ரப்பரை எடுத்து அப்பால் வையுங்கள். ஒத்துவராத கணக்கைக் குழந்தை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடப் பார்க்கும். அழித்துவிட்டால் எங்கே பிசகியது என்பதும் சேர்ந்து அழிந்துவிடும். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அடியில் திரும்ப எழுதட்டும்.

பிறகு இந்த வரிசை: புள்ளிகளைப் பார்ப்பது, கூட்டலை இன்னொரு முறை கூட்டுவது, அதன் பிறகுதான் கழித்தலுக்குத் திரும்புவது. கூட்டலிலேயே தப்பு இருந்து, சரியான கழித்தலைப் போய் மாற்றிவிட்டால் குழந்தைக்குச் சரிபார்ப்பின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

உங்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு, குழந்தைக்கு வேண்டாம். வர வேண்டிய எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். தப்பு எந்த வகை என்று அது பெரும்பாலும் சொல்லிவிடும்.

வித்தியாசம் 1 என்றால் விரல் எண்ணிக்கையில் பிசகு.

53 வர வேண்டிய இடத்தில் 63 வந்தால், வித்தியாசம் 10: கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறந்திருக்கிறது.

53 வர வேண்டிய இடத்தில் 61 வந்தால், வித்தியாசம் 8: கடன் வாங்கவே இல்லை, மூன்றிலிருந்து ஏழைக் கழிக்க முடியாது என்று ஏழிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டது. விடை 34, கூட்டினால் 34 + 27 = 61. இந்தத் தப்பில் வித்தியாசம் எப்போதும் அந்த இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தைப் போல் இரண்டு மடங்காக இருக்கும். ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவே நான்கு, இரண்டு மடங்கு எட்டு. 74 − 38-ஐப் போட்டுப் பாருங்கள், அங்கேயும் இப்படித்தான் வரும்.

ஓரிடத்தில் மட்டும் ஏமாந்துவிடுவீர்கள். 52 − 27, 81 − 46 போல ஒன்றுகளின் வித்தியாசம் ஐந்தாக இருந்தால் இரண்டு தப்புக்கும் வித்தியாசம் 10 தான். 52 − 27-க்குக் குறைக்க மறந்தாலும் 35, தலைகீழாகக் கழித்தாலும் 35. அப்போது நோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். குறைக்க மறக்கும் குழந்தைக்கு ஞாபகப்படுத்தினால் போதும். தலைகீழாகக் கழிக்கும் குழந்தையை மறுபடி குச்சிக் கட்டுக்கே அழைத்துப் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்யாதீர்கள்.

7. பூஜ்ஜியம் வரும் கணக்குகள்

இவற்றைத் தனியாக ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். 60 − 24-இல் ‘பூஜ்ஜியத்திலிருந்து நாலு போகாது, அதனால நாலு’ என்று எழுதி 44 என்று முடிக்கும் குழந்தைகள் நிறைய. கூட்டினால் 68 வந்து காட்டிக்கொடுத்துவிடும். சரியான விடை 36.

மூன்றிலக்கத்தில் நடுவே பூஜ்ஜியம் வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். 302 − 147. ஒன்றுகளுக்குக் கடன் வேண்டும், பத்துகளில் ஒன்றுமில்லை, நூறுகளிலிருந்து வாங்க வேண்டும். மூன்று இரண்டாகிறது, நடுப் பூஜ்ஜியம் பத்தாகிறது, அதிலிருந்து ஒன்றுகளுக்கு ஒன்று போனதும் ஒன்பதாகிறது. விடை 155. சரிபார்க்கும்போது: ஐந்தும் ஏழும் பன்னிரண்டு, இரண்டு போட்டு ஒன்றை ஏற்ற வேண்டும். ஐந்தும் நான்கும் ஏற்றிய ஒன்றும் பத்து, பூஜ்ஜியம் போட்டு ஒன்றை ஏற்ற வேண்டும். ஒன்றும் ஒன்றும் ஏற்றிய ஒன்றும் மூன்று. 302. இரண்டு இடத்தில் கடன், இரண்டு இடத்தில் ஏற்றம், இரண்டு புள்ளி.

நடுப் பூஜ்ஜியத்தை ஒன்பதாக்காமல் பத்தாகவே விட்டுவிட்டால் விடை 165 ஆகும், கூட்டினால் 312 வரும். அதே 10 வித்தியாசம். இங்கேயும் ஒன்றுகளிலிருந்து ஏற்ற மறந்தால் 302 என்றே வந்து ஏமாற்றும், ஆகவே புள்ளியை விடக் கூடாது.

மூன்றிலக்கத்துக்குக் குச்சி எண்ணிக்கொண்டிருக்க முடியாது. இதற்குள் தாளிலேயே போடப் பழகியிருக்கும், கவலை வேண்டாம்.

8. கூட்டிப் பார்த்தாலும் பிடிபடாத தப்புகள்

இதைக் குழந்தைக்கும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். கேள்வியில் 53 − 27 இருக்க, நோட்டில் 53 − 21 என்று எழுதிவிட்டால் விடை 32, கூட்டினால் 32 + 21 = 53. எல்லாம் பொருந்தும், மதிப்பெண் கிடைக்காது. 53-ஐ 35 என்று திருப்பி எழுதினாலும் இதே நிலை. ஆகவே கூட்டலைத் தொடங்கும் முன், புத்தகத்தில் உள்ள கேள்வியில் விரல் வைத்து, நோட்டில் உள்ளதோடு ஓர் இலக்கம் ஓர் இலக்கமாக ஒப்பிடச் சொல்லுங்கள். ஐந்து விநாடி வேலை.

வாக்கியக் கணக்கில், கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டாலும் சரிபார்ப்பு சொல்லாது. நாம் போட்ட கழித்தல் சரியா என்றுதான் அது சொல்லும், கழிக்க வேண்டுமா என்று சொல்லாது.

ஒருவரிடம் 42 பென்சில், இன்னொருவரிடம் 28, எத்தனை அதிகம் என்று வரும் கணக்கில் ‘போனது’ என்று எதுவும் இல்லை. என் மகள் இங்கே “எதும்மா போச்சு?” என்று கேட்டு நின்றுவிட்டாள். அதற்கு மட்டும் வேறு சொற்கள்: பெரியது, சிறியது, வித்தியாசம். சிறியதோடு வித்தியாசத்தைச் சேர்த்தால் பெரியது வர வேண்டும். 28 + 14 = 42. இரண்டு வரிசையாகப் பென்சில்களை ஒன்றுக்கு நேர் ஒன்றாக அடுக்கிக் காட்டினால் ஒரே நாளில் புரிந்துவிடும்.

சிலர் கூட்டுவதற்குப் பதில், இருந்ததிலிருந்து விடையைக் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்: 53 − 26 = 27. கணக்கு சரிதான். ஆனால் கழித்தலில் தடுமாறும் குழந்தை அதே தடுமாற்றத்தோடுதான் இதையும் போடும். முதல் முறை போட்டதையே இன்னொரு முறை போடச் சொல்வதும் அப்படித்தான். வேறு வழியாகப் போய்ப் பார்த்தால்தான் தப்பு கண்ணில் படும், அதனால் கூட்டலையே வைத்துக்கொள்ளுங்கள்.

9. தேர்வு நேரத்துக்கு

தனியாகக் கூட்டல் எழுதாமலும் சரிபார்க்கலாம். நெடுக்காக எழுதிய கழித்தலைப் பாருங்கள்:

53
27
26

அடியில் இருக்கும் இரண்டையும் கீழிருந்து மேலாகக் கூட்டினால் உச்சியில் இருப்பது வர வேண்டும். திரும்ப எழுத வேண்டாம், உச்சி எண்ணை விரலால் மூடிக்கொண்டால் போதும். ஏற்றும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் இதை அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். புள்ளி வைத்து எழுதிய சரிபார்ப்பு தொடர்ந்து இரண்டு வாரம் பிசகில்லாமல் வந்த பிறகுதான் நாங்கள் இதற்கு மாறினோம்.

ஒன்றுகளை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு விடலாமா என்று கேட்பவர்களுக்கு: 34 என்ற தப்பை அது பிடிக்கும், நான்கும் ஏழும் பதினொன்று, கடைசியில் மூன்று வரவில்லை. 36 என்ற தப்பைப் பிடிக்காது, ஆறும் ஏழும் பதின்மூன்று, கடைசியில் மூன்று ஒழுங்காக வந்துவிடும். குறைக்க மறக்கிற தப்பையே விட்டுவிடும் குறுக்குவழி இது, வேண்டாம்.

எல்லாவற்றையும் சரிபார்க்க நேரம் இல்லையென்றால் வரிசை இது: முதலில் நடுவே பூஜ்ஜியம் இருக்கும் கணக்குகள், அடுத்து கடன் வாங்கிய கணக்குகள், மிச்ச நேரம் இருந்தால் மற்றவை. கணக்கு போடும்போதே கடன் வாங்கியவற்றின் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொண்டே போனால், கடைசிப் பத்து நிமிடத்தில் எவற்றுக்குத் திரும்ப வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது. என் மகள் இப்போது அந்தப் புள்ளியை யாரும் சொல்லாமலே வைக்கிறாள்.